அன்னதான உண்டியல் மாதிரி பஸ்ஸுக்கும் ஒரு தனி உண்டியல் வேணும்



கோயில் பக்கத்துல பஸ், ரயில் பத்தி என்ன பேச்சுன்னு சிலர் கேட்கலாம். கார் இல்லாத அம்மாக்கள், பாட்டிகள் "கடைசி பஸ் போயிடும் தம்பி"ன்னு தீபாராதனைக்கு முன்னாடியே கிளம்புறதைத் தொண்டர்களாகிய நாங்கள் வாராவாரம் பார்க்கிறோம். அதனால இது கோயில் விஷயமும்தான்.

அன்னதானத்துக்குன்னு விழுந்த காசைக் கோபுர வர்ணத்துக்கு நாம எடுக்க மாட்டோம். வர்ணம் எவ்வளவு அவசரமானாலும் சரி. அதனாலதான் வெள்ளிக்கிழமை சோறு தடைபடாமல் நடக்குது. பொதுப் போக்குவரத்துக்கும் இப்படி ஒரு தனி நிதி வேணும் என்பது எங்கள் கருத்து. மாசம் 50 வெள்ளி மை50 அட்டை நல்ல உதவி, மறுக்கல. ஆனா டிக்கெட் மலிவா இருந்தா மட்டும் போதாது. பஸ்ஸும் அடிக்கடி வரணும். அதுக்குத் தினமும் காசு வேணும். ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட்டைப் பார்த்துக் காத்திருந்தா அது நடக்காது.

இதைக் கேட்க வேண்டியது பயணிகள் மட்டுமா? வியாபாரிகளும் கேட்கணும் என்கிறோம்.

லண்டன்ல நடந்ததைப் பாருங்க. நகரத்தைக் குறுக்கே கடக்கும் கிராஸ்ரெயில் பாதை வேணும்னு பல வருஷம் குரல் கொடுத்ததுல பெரிய நிறுவனங்கள் சேர்ந்த 'லண்டன் ஃபர்ஸ்ட்' அமைப்பும் ஒன்று. கேட்டதோட நிற்கல. 2010 முதல் பெரிய வணிகக் கட்டடங்களுக்கு ஒரு கூடுதல் வரி வந்தது. அந்தக் காசு அந்த ரயிலுக்கு மட்டும். ஆரம்பத்துல கட்டடத்தின் வரி மதிப்பு 55,000 பவுண்டுக்கு மேல இருந்தால்தான் கட்ட வேண்டியிருந்தது, அதனால சின்னக் கடைக்காரங்க தப்பிச்சாங்க. 2022 மே மாதம் அந்தப் பாதை எலிசபெத் லைன் என்ற பேரில் திறந்தது.

பிரான்ஸ்ல இது இன்னும் பழசு. 1971-லேயே பாரிஸ் வட்டார முதலாளிகள் சம்பளக் கணக்கை வைத்துப் போக்குவரத்துக்குத் தனி வரி கட்ட ஆரம்பிச்சாங்க. பிறகு மற்ற ஊர்களுக்கும் வந்தது. இப்போ 11 பேருக்குக் குறைவா வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு அது கிடையாது.

"ஏற்கனவே எத்தனை வரி, இன்னொன்னா?" இந்தக் கேள்வி நியாயமானது. பெட்டிக்கடைக்காரர் தலையில் கட்டக் கூடாது, நாங்களும் ஒத்துக்க மாட்டோம். ஆனா பஸ் இல்லாததுக்கும் வியாபாரிதான் காசு கொடுக்கிறார். வேலையாள் நேரத்துக்கு வர முடியல, வேன் வைத்து ஏற்றிவர வேண்டியிருக்கு, கடை வாசலில் பார்க்கிங் இல்லைன்னு வாடிக்கையாளர் திரும்பிப் போயிடுறார்.

பத்துமலைக்கு 2010-ல் கொம்யூட்டர் ரயில் வந்தது. தைப்பூசத்துக்கு அதுல வந்து இறங்குற கூட்டம் சாமி கும்பிட்டுட்டு சும்மாவா திரும்புது? பூக்கடை, பூஜை சாமான் கடை, சாப்பாட்டுக் கடை எல்லாத்துலயும் நுழைஞ்சுட்டுத்தான் போகுது. ரயிலால லாபம் வருதுன்னா, ரயிலுக்கு ஒரு பங்கு கொடுப்பதுல தப்பில்லை. ஆனா அந்தப் பங்கு வேற எதுக்கும் போகக் கூடாது, கணக்கு எல்லாரும் பார்க்கிற மாதிரி இருக்கணும். திருவிழா வரவு செலவை நாம அறிவிப்புப் பலகையில ஒட்டுறோமே, அது மாதிரி.

நம்ம உபயதாரர்களில் கடை, தொழிற்சாலை, உணவகம் நடத்துற அண்ணன்மார், அக்காமார் நிறைய பேர் இருக்கீங்க. உங்க வர்த்தகச் சங்கத்தின் அடுத்த கூட்டத்துல இதைப் பேசுங்க. பயணிகள் கேட்டா மனு. வியாபாரிகள் "நாங்களும் பங்கு தர்றோம், தனி நிதியா வையுங்க"ன்னு கேட்டா, அதை ஒதுக்கித் தள்ளுவது கஷ்டம்.

உங்க கருத்தைக் கீழே எழுதுங்க. உங்க ஊர்ல பூஜை முடிஞ்ச பிறகு கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னும் சேர்த்துச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஆலயத் தொண்டர்கள்