கழற்றுவது எளிது

தியானப் பகுதி: லூக்கா 14:28-30, கலாத்தியர் 6:1



ஒவ்வோர் ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமையிலும் உட்வர்ட் சாலையில் பழைய கார்களின் பெரும் பவனி நடைபெறுவதை மிச்சிகனில் வாழும் நாம் அறிவோம். 1995-இல் தொடங்கிய அந்நிகழ்ச்சி முடிந்தபின், நம் வாலிபரில் எவராவது என்னிடம் கேட்பதுண்டு: "பாஸ்டர், ஒரு பழைய மசில் காரை வாங்கிச் சீரமைக்க ஆசையாயிருக்கிறது. விசுவாசி இப்படிச் செய்யலாமா?" செய்யலாம் என்பதே என் பதில். ஆயினும் அதற்குமுன் ஒரு காரியத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். கார் வாங்கும் எண்ணமே இல்லாதவர்களும் தொடர்ந்து வாசியுங்கள். இது சபை முழுவதையும் சார்ந்த காரியம்.

நடுத்தர அளவுள்ள காரில் பெரிய காருக்குரிய வி-8 இன்ஜினைப் பொருத்தியதே மசில் கார். 1964 மாடலாக வெளிவந்த பான்டியாக் ஜிடிஓவை இவ்வகையின் தொடக்கமாகப் பலர் கருதுகின்றனர். அதன் இன்ஜின் 389 கன அங்குலம். அறிவிக்கப்பட்ட ஆற்றல் 325 குதிரைத்திறன். பின்பு காப்பீட்டுக் கட்டணம் உயர்ந்தது. 1970-இன் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1973-இல் எண்ணெய்த் தடை வந்தது. ஏறக்குறைய பத்தே ஆண்டுகளில் அந்தக் காலம் முடிந்துபோயிற்று. ஆகையால் இன்று நாம் வாங்கும் மசில் காருக்கு வயது ஐம்பதுக்குமேல். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நம் மாநிலத்தில், அதன் முதல் சத்துரு துரு.

பின்கண்ணாடியின் கீழ்விளிம்பு, காரின் தரைத்தகடு, டிக்கியின் அடிப்பாகம், பின்சக்கரங்களை ஒட்டிய தகடு ஆகிய இடங்களில் துரு ஒளிந்திருக்கும். அதன்மேல் கனமாகப் பட்டி பூசி, பளபளப்பாகப் பெயிண்ட் அடித்து விற்பவர்களும் உண்டு. விவரமறிந்தவர்கள் ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோவார்கள். இரும்பு இருக்கும் இடத்தில் காந்தம் பற்றிக்கொள்ளும். கனத்த பட்டியின்மேல் பற்றாது. அக்காலத்துக் கார்கள் பலவற்றின் கூரைமேல் அழகுக்காக வினைல் உறை ஒட்டப்பட்டிருந்தது. அதன்கீழ் புகுந்த ஈரம், வெளியே தெரியாமல் கூரைத்தகட்டையே அரித்துவிடும்.

இவ்விடத்தில் பிரசங்கத்தை முடிப்பது போதகர்களாகிய எங்களுக்கு மிகவும் வசதியானது. மத்தேயு 23:27-இலுள்ள வெள்ளையடிக்கப்பட்ட கல்லறைகளை எடுத்துக்காட்டி, உள்ளேயிருக்கும் துருவை வெளிப்படுத்துங்கள் என்று சொல்லி ஜெபித்துவிடலாம். ஆனால் காரைச் சீரமைக்கிறவனுக்குத் துருவைக் கண்டுபிடிப்பது முதல் நாள் வேலை மட்டுமே.

நல்ல கருவிகளும் ஒரு நண்பனின் துணையும் இருந்தால், சில வார இறுதிகளிலேயே ஒரு காரைச் சேஸிவரைக்கும் கழற்றிவிடலாம். உற்சாகமான வேலை அது. ஒவ்வொரு மாலையும் பலன் கண்ணுக்குத் தெரியும். அதன்பிறகே செலவும் பொறுமையும் தொடங்குகின்றன. அரித்த தகட்டை வெட்டியெடுத்துப் புதிய தகட்டை வெல்டிங் செய்யவேண்டும். ஈயம் கலந்த பெட்ரோலுக்காக உருவாக்கப்பட்ட இன்ஜினானால், வால்வு அமரும் இடங்களில் கடினப்படுத்திய வளையங்களைப் பொருத்த நேரிடலாம். 1966-க்கும் அதற்கு முன்னுக்கும் உரிய பல கார்களில் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒரே அறையிலிருந்து இயங்கின; ஓரிடத்தில் கசிந்தால் முழு பிரேக்கும் போய்விடும். அதையும் மாற்றவேண்டும். இதற்கிடையில் பணம் தீர்கிறது. வீட்டில் குழந்தை பிறக்கிறது. வேலை வேறு ஊருக்கு மாறுகிறது. கார் பெட்டி பெட்டியாக ஷெட்டில் கிடக்கிறது.

விற்பனை விளம்பரங்களைப் பாருங்கள். பாதியில் நின்ற கார்கள் எத்தனை! இன்ஜின் ஒரு தாங்கியில், கதவுகள் சுவரோரம், போல்ட்டுகள் ஒரு வாளியில். எது எங்கே பொருந்தும், எது தொலைந்துபோயிற்று என்று விற்பவருக்கே தெரியாது. துருவோடு ஓடிக்கொண்டிருந்த கார், இப்போது ஓடவும் இல்லை. கோபுரம் கட்டத் தொடங்கி முடிக்கத் திராணியற்றுப்போன மனுஷனைக் குறித்து லூக்கா 14-இல் ஆண்டவர் சொன்னது இதைத்தானே!

பிரியமானவர்களே, நம் சபைகளும் இப்படிப்பட்ட ஷெட்டாகிவிடுவதுண்டு. ஒரு சகோதரன் மதுபானத்தில் விழுந்துவிட்டான் என்று கேள்விப்படுகிறோம். அல்லது ஒரு குடும்பம் பிரிவின் விளிம்பில் நிற்கிறது. உடனே அழைத்து விசாரிக்கிறோம். எல்லாவற்றையும் அறிக்கையிடச் செய்கிறோம். பாடகர் குழுவிலிருந்து நீக்குகிறோம். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் அவன் துருவை வீடுவீடாகக் கொண்டுசெல்கிறோம். ஆறு மாதம் கழித்து அவன் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர் யார்? சத்தியத்துக்காக நின்றோம் என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். அவனோ கழற்றப்பட்டபடியே எங்கோ கிடக்கிறான்.

குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தமுள்ள ஆவியோடு சீர்பொருந்தப்பண்ணும்படி கலாத்தியர் 6:1 கற்பிக்கிறது. அங்கே பவுல் பயன்படுத்தும் கிரேக்க வினைச்சொல் 'கத்தார்ட்டிட்சோ'. மத்தேயு 4:21-இல் செபெதேயுவின் குமாரர் தங்கள் வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்ததைச் சொல்வதும் இதே சொல்தான். கிழிசலைக் கண்டுபிடித்ததும் எந்த மீனவனும் வலையைக் கரையில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போகமாட்டான். அது மறுபடியும் கடலில் இறங்கி மீன் பிடிக்கும்வரை அவன் வேலை முடியவில்லை. மூன்றுமுறை மறுதலித்த பேதுருவை ஆண்டவர் நடத்திய விதமும் அப்படிப்பட்டதே. யோவான் 21-இல் மூன்றுமுறை கேட்டார். பேதுருவின் மனம் நொந்தது. ஆனால் ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் ஒரு பொறுப்பை அவன் கையில் கொடுத்தார்.

அப்படியானால் சபையில் ஒழுங்கு நடவடிக்கையே வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும். துருவின்மேல் பட்டி பூசுவது அன்பல்ல. அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறவனுக்கு அது ஆபத்து. ஆனால் 1 கொரிந்தியர் 5-ஐ வாசிக்கிற நாம் 2 கொரிந்தியர் 2:6-8-ஐயும் வாசிக்கவேண்டும். தண்டிக்கப்பட்டவன் துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி, அவனை மன்னித்து ஆறுதல் செய்யும்படி அப்போஸ்தலன் அங்கே மன்றாடுகிறார்.

பழைய கார்களைச் சீரமைப்பதில் தேர்ந்தவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒரு பாகத்தைக் கழற்றுமுன் அதைப் படமெடுக்கிறார்கள். ஒவ்வொரு போல்ட்டையும் சிறு பையிலிட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதிவைக்கிறார்கள். கழற்றும்போதே திரும்பப் பொருத்தும் நாளை நினைக்கிறார்கள். சபை மூப்பர்களிடம் நான் வேண்டுவதும் இதுவே. ஒருவரை விசாரணைக்கு அழைக்குமுன், வாரந்தோறும் அவரைச் சந்திக்கப்போகிறவர் யார், அவர் எந்த வழியாய்த் தம் இடத்துக்குத் திரும்பி வருவார் என்று தீர்மானியுங்கள். அதற்குப் பதில் இல்லையென்றால், ஸ்பேனரைக் கையில் எடுக்காதிருங்கள்.

கார் வாங்க விரும்பும் தம்பிமாரே, மனைவியின் மனப்பூர்வமான சம்மதத்தோடு வாங்குங்கள். செலவின் எல்லையை முன்னதாகவே எழுதிவையுங்கள். உதிரிபாகங்கள் எளிதில் கிடைக்கும் மாடலைத் தெரிந்துகொள்ளுங்கள். கூடுமானவரை முழுமையாயும் ஓடக்கூடியதாயும் இருக்கும் காரையே வாங்கி, ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் பிரியுங்கள்; பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். தனியாகச் செய்யாமல், நம் நடுவில் மனம் சோர்ந்திருக்கும் ஒருவரை உதவிக்கு அழையுங்கள். இரண்டு சீரமைப்புகளும் ஒரே ஷெட்டில் நடக்கட்டும்.

பிலிப்பியர் 1:6-இன்படி, நம்மில் நற்கிரியையைத் தொடங்கினவர் அதை முடிவுபரியந்தம் நடத்துகிறவர். அவர் நம்மில் எவரையும் பெட்டிகளில் விட்டுவிடுவதில்லை. அவருடைய பிள்ளைகளாகிய நாமும் ஒருவரையும் அப்படி விட்டுவிடாதிருப்போமாக. கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.