மாத்திரை நின்றது, அடுத்த பொறுப்பு யாருக்கு?

மாத்திரையை நிறுத்தினாலும் மருந்தின் வேகம் இன்னும் சில மாதம் உடம்பில் இருக்கும் என்று நம்பி ஏமாறுவோர் உண்டு. இருக்காது, தோழர்களே! மாலா-என் போன்ற மாத்திரையை நிறுத்திய சில வாரங்களிலேயே கருமுட்டை வெளிப்படலாம். முதல் மாதவிலக்கு வருமுன்பேகூட! "விலக்கு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று இருப்பவரின் கணக்கு அங்கேதான் பிசகுகிறது. மூன்று மாதத்துக்கொரு முறை போடும் அந்தரா ஊசியின் கதை வேறு. அதை விட்டபின் கரு தங்கப் பல மாதம் பிடிப்பதுண்டு. ஆனால் இன்னாருக்கு இத்தனை மாதம் என்று எந்த மருத்துவராலும் எழுதிக்கொடுக்க முடியாது.

இதைத் தொழிலாளர் படிக்கும் ஏட்டில் எழுதுவானேன்? கருப்பையின் கணக்கைக் கம்பெனி வாசலிலே பார்க்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்ததே, அதனால்தான்! திருப்பெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலைக்கு மணமான பெண்களை ஒதுக்குவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது, மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. பேறுகாலச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. 2017 முதல் முதலிரண்டு பிள்ளைகளுக்கு 26 வார விடுப்பும் உண்டு. ஆனால் ஒரகடத்தில் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் பெண்ணிடம், "ஒப்பந்தம் முடிந்தது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்த 26 வாரத்தை எங்கே போய்த் தேடுவது?

தலைவலி, வாந்தி, ஷிப்டு மாற்றத்தில் நேரந்தவறல் என்று எதற்காகவோ துணைவியார் மாத்திரையை நிறுத்துகிறார். நிறுத்தட்டும், அது அவர் உடம்பு. அன்றைக்கே ஆண்மகன் என்ன செய்கிறார்? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள்: இந்தியாவில் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் 37.9 விழுக்காடு, ஆண்கள் 0.3! 1976 நெருக்கடி நிலையின் கட்டாய அறுவை விதைத்த அச்சம் பெரிது, நியாயமானதுங்கூட. அதற்காக அரை நூற்றாண்டாகவா பெண் தலையில் சுமத்துவது?

வழியா இல்லை? காப்பர்-டி பொருத்திய கணமே காக்கும். லக்னோ ஆய்வகம் கண்ட சாயா மாத்திரையில் ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. தவறு நேர்ந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் அவசர மாத்திரை. எவ்வளவு விரைவோ அவ்வளவு பலன். அதை வாடிக்கையாக்கக் கூடாது. எது யாருக்கு ஏற்றது என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். நிரோத் அங்கே இலவசம். பீடி கேட்கும்போது வராத கூச்சம் இதற்கு மட்டும் எங்கிருந்து வருகிறது?

இனிப் பிள்ளையே வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்துவிட்டால், கத்தி வைக்காத ஆண் கருத்தடை சில நிமிட வேலை. அதற்குப் பின்னும் மூன்று மாதம், விந்துப் பரிசோதனை முடியும்வரை, நிரோத் வேண்டும்.