தொட்டி ஒழுகுதா? முதல்ல தண்ணியை இறக்குங்க

போன வீடியோல கிரெடிட் கார்டு பத்திப் பேசும்போது எங்க வீட்டு மீன் தொட்டி கதையை ஆரம்பிச்சு பாதியிலேயே விட்டுட்டேன். மீதி இங்கே.

ஸ்ரீரங்கம் வீட்டு ஹாலில் மூணு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு அக்ரிலிக் தொட்டி. கிட்டத்தட்ட 190 லிட்டர் பிடிக்கும். ஒரு நாள் அடி மூலையில் ஈரம். நான் என்ன செய்தேன்? தண்ணியைப் பாதி இறக்கிட்டு, கண்ணாடித் தொட்டிக்குப் போடுற சிலிக்கானை வெளிப்பக்கமா பூசிவிட்டேன். நாலு நாள் நின்றது. அஞ்சாவது நாள் தோல் மாதிரி உரிஞ்சு வந்தது.

காரணம் எளிது. சிலிக்கான் கண்ணாடியை நல்லா பிடிக்கும். அக்ரிலிக்கை அப்படிப் பிடிக்காது. அக்ரிலிக்குக்குத் தேவை சால்வென்ட் சிமென்ட். அது ரெண்டு பலகையின் மேற்பரப்பையும் கரைத்து ஒண்ணாக்கிடும். ஆனா அதுக்கு மீனை வேற இடத்துக்கு மாத்தணும், தொட்டியை முழுசா காலி பண்ணணும், நல்லா காயவிடணும். பழைய சிலிக்கானை ஒரு துளி விடாம சுரண்டணும். மிச்சம் இருந்தா ஒட்டாது. ஜன்னலைத் திறந்துவெச்சு ஒட்டி, ஓரிரு நாள் விட்டு, தண்ணி நிரப்பிப் பார்த்த பிறகுதான் மீன். இணைப்பு முழுக்க மயிரிழை விரிசல் ஓடியிருந்தா ஒட்டவே வேண்டாம், மாத்திடுங்க.

இப்போ உங்க கார்டுக்கு வருவோம்.

50,000 ரூபாய் பாக்கி, மாசம் 3.5% வட்டின்னு வைங்க. வட்டி 1,750. அதன் மேல் 18% ஜிஎஸ்டி 315. மொத்தம் 2,065. நீங்க 5% மட்டும், அதாவது 2,500 கட்டினா அசலில் குறைவது வெறும் 435 ரூபாய். பாக்கி இருக்கும்வரை புதுசா தேய்க்கிறதுக்கும் வட்டியில்லா நாட்கள் பொதுவா கிடையாது. மினிமம் டியூ கட்டுறதுதான் வெளிப்பக்கம் பூசுற சிலிக்கான். ஒழுகல் உள்ளே அப்படியேதான் இருக்கு.

"பர்சனல் லோன் எடுத்து அடைச்சிடு"ன்னு நண்பர் சொல்வார். கணக்கு சரிதான். 14% வட்டியில் 12 மாசத்துக்கு இஎம்ஐ சுமார் 4,490. மொத்த வட்டியே சுமார் 3,870. அதாவது ரெண்டு மாச கார்டு வட்டியும் ஜிஎஸ்டியும் சேர்ந்ததைவிடக் குறைவு! ஆனா என் கருத்து இதுதான்: கார்டு பர்ஸிலேயே இருக்கும்போது லோன் எடுக்காதீங்க. ஆறு மாசத்தில் இஎம்ஐயும் இருக்கும், கார்டு பாக்கியும் திரும்ப வந்திருக்கும். முதலில் தொட்டியைக் காலி பண்ணுங்க. கார்டை ஆப்பில் பிளாக் பண்ணுங்க, ஆட்டோ பேமென்ட்டை எல்லாம் நிறுத்துங்க. அப்புறம் ஒட்டுங்க.

தற்காலிக ஒட்டு தப்பே இல்ல. முக்கொம்பு ஞாபகம் இருக்கா? 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையில், 2018 ஆகஸ்ட் 22 அன்று கொள்ளிடம் பக்கம் 9 ஷட்டர்கள் அடிச்சுட்டுப் போச்சு. உடனே மணல் மூட்டை, பாறாங்கல் போட்டு அடைச்சாங்க. ஆனா அதோட நிறுத்தல. பக்கத்திலேயே பல நூறு கோடியில் புது கதவணை கட்டினாங்க. மணல் மூட்டையை அணைன்னு யாரும் நினைக்கல. நாமதான் மினிமம் டியூவை "கட்டியாச்சு"ன்னு நினைக்கிறோம்.

சம்பளம் வர்ற அன்னிக்கு ஒரு வேலை செய்யுங்க. கார்டு ஸ்டேட்மென்ட்டை எடுத்து வட்டி, ஜிஎஸ்டி ரெண்டு வரியையும் கூட்டுங்க. அந்தத் தொகைதான் மாசாமாசம் உங்க ஹாலில் ஒழுகுற தண்ணி. துடைச்சுக்கிட்டே இருக்கப் போறீங்களா, தொட்டியை இறக்கப் போறீங்களா?