இல்லை என்ற பதிலுக்கும் இரண்டு வரி எழுதுங்கள்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கம்ப்யூட்டர் விஷயம்தான். ஆனால் அக்கா, மச்சான் எல்லாரும் படிப்பதால் புரியும்படி எழுதப் பார்க்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். லினக்ஸுக்கு டிவைஸ் டிரைவர் எழுதும் ஒரு குழுவுக்கு இப்போது அவள் பொறுப்பு. (சொந்தங்களுக்கு: இந்த டிரைவர் வண்டி ஓட்டுபவர் இல்லை. பிரிண்டர், டிஸ்க், நெட்வொர்க் கார்டு போன்ற கருவிகளோடு ஆப்பரேட்டிங் சிஸ்டம் பேசுவதற்கு நடுவில் நிற்கும் புரோகிராம்.)

"சார், புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன், மெமரி கேக்குற இடத்துல அது கிடைச்சுதான்னு பாக்கவே மாட்டேங்கிறான். கேட்டா, 'சின்ன அளவு கேட்டா கெர்னல் இல்லைன்னு சொல்லவே சொல்லாது அக்கா'ங்கிறான். நீங்க என்ன சொல்றீங்க?"

நான் கொஞ்சமும் யோசிக்காமல், "அதெப்படி? கட்டாயம் பார்க்கணும்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். "கோவிச்சுக்காதீங்க சார். உங்க கிளாஸ் நோட்டு இன்னும் என்கிட்ட இருக்கு. லிங்க்டு லிஸ்ட் நடத்தினப்ப ஒரு வரியில மேலாக் எழுதியிருக்கீங்க. அடுத்த வரியில அதுக்குள்ள மதிப்பைப் போட்டுட்டீங்க. நடுவுல ஒண்ணுமே இல்ல."

உண்மைதான். போர்டில் இடம் இருக்காது, மணி அடிக்கப்போகும் அவசரம் வேறு. "கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று வாயால் சொல்லியிருப்பேன். போர்டில் இருப்பதுதான் நோட்டுக்குப் போகும். நோட்டில் இருப்பதுதான் கைப்பழக்கம் ஆகும். பல வருஷம் சி மொழி நடத்தியவன் நான். அந்தப் பையனுக்குப் பாடம் எடுத்தவரும் என்னைப் போன்ற ஒருவராகத்தான் இருப்பார்.

விஷயம் இதுதான். ஒரு புரோகிராம் மெமரி கேட்டால் இடத்தின் முகவரி கிடைக்கும். இடம் இல்லை என்றால் 'நல்' என்ற வெற்று முகவரி திரும்பி வரும். பெயர்தான் நல், அதைப் பார்க்காமல் அங்கே எழுதப் போனால் நல்லது எதுவும் நடக்காது. சாதாரண புரோகிராம் என்றால் அது மட்டும் செத்துப்போகும், திரும்பத் திறந்துகொள்ளலாம். டிரைவரோ கெர்னலுக்குள் ஓடுவது. அது தடுக்கி விழுந்தால் மெஷினையே இழுத்துக்கொண்டு விழலாம்.

அந்தப் பையன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதை மறைத்துவிட்டு வாதாடக் கூடாது. லினக்ஸ் கெர்னலில், காத்திருக்கக்கூடிய ஒரு வேலை சின்ன அளவு கேட்டால், வழக்கமாக 8 பக்கம் வரை, அதாவது 32 கிலோபைட் வரை, கெர்னல் லேசில் கைவிரிக்காது. பழைய பக்கங்களை டிஸ்க்குக்குத் தள்ளும், மறுபடி மறுபடி முயலும், அதுவும் முடியாவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்று அதன் இடத்தைப் பிடுங்கிக் கொடுக்கும். ஆனால் இது வழக்கம் மட்டும்தான், வாக்குறுதி இல்லை. உத்தரவாதம் கிடையாது, கேட்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கெர்னலின் கையேடே சொல்கிறது. கொல்வதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட புரோகிராமே கேட்டால் அதற்கு இல்லை என்ற பதில் வரலாம்.

அதோடு, டிரைவரால் எப்போதும் காத்திருக்க முடியாது. நெட்வொர்க் கார்டு இன்டரப்ட் கொடுத்துக் கூப்பிடும் நேரத்தில் டிரைவர் தூங்கக் கூடாது. ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர் சரக்கு வரும்வரை நிற்கலாம். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் நிற்க முடியுமா? "காத்திருக்க மாட்டேன், இருந்தால் இப்போதே கொடு" என்று கேட்பதற்கு ஜிஎஃப்பி அட்டாமிக் என்று தனி வகையே இருக்கிறது. அந்த வகையில் இல்லை என்ற பதில் நிஜமாகவே வரும்.

அப்போது நல்ல நெட்வொர்க் டிரைவர் என்ன செய்யும்? வந்த பாக்கெட்டை மேலே அனுப்புவதற்கு முன்பே, அதன் இடத்தை நிரப்பப் புது பஃபர் கேட்கும். கிடைக்காவிட்டால் அந்தப் பாக்கெட்டைப் போட்டுவிட்டு, பழைய பஃபரையே திரும்பக் கார்டுக்குக் கொடுக்கும். ஒரு பாக்கெட் போனால் டிசிபி மறுபடி அனுப்பச் செய்துவிடும். பஃபரே இல்லாமல் கார்டு காலியாக நின்றால்தான் ஆபத்து. எதை இழக்கலாம், எதை இழக்கக் கூடாது என்று முன்கூட்டியே யோசித்து எழுதிய கோட் அது.

டிஸ்க் பக்கம் இன்னொரு சிக்கல். மெமரி தீர்ந்தால் பழைய பக்கங்களை டிஸ்க்கில் எழுதித்தான் இடம் உண்டாக்க வேண்டும். அப்படி எழுதுவதற்கே கொஞ்சம் மெமரி வேண்டும். அதற்கும் இல்லை என்றால் எல்லாம் முட்டிக்கொண்டு நின்றுவிடும். அதனால் ஆரம்பத்திலேயே கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள், மெம்பூல் என்று பெயர். நம் வீட்டு விதைநெல் மாதிரி. வீட்டில் அரிசி இல்லாத நாளிலும் பாட்டி அந்தக் குதிரில் கை வைக்க விடமாட்டாள்.

"இதெல்லாம் எப்போதோ நடப்பது சார்" என்பவர்களுக்கு ஒரு நிஜ சம்பவம். 2004 ஜனவரியில் நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி செவ்வாயில் இறங்கியது. மூன்று வாரம்கூட ஆகவில்லை, 21ஆம் தேதி ஒழுங்காகப் பேசுவதை நிறுத்திவிட்டது. காரணம் பாறையும் இல்லை, புழுதியும் இல்லை. அதன் ஃபிளாஷ் மெமரியில் கோப்புகள் சேரச் சேர, அவற்றின் பட்டியலை வைத்துக்கொள்ள ஃபைல் சிஸ்டம் மேலும் மேலும் மெமரி கேட்டது. அந்தக் கேட்புக்கு வரம்பே வைக்கவில்லை. மெமரி தீர்ந்ததும், பிழை என்று திருப்பிச் சொல்லாமல், கேட்ட வேலையையே நிறுத்திவைக்கும்படி இன்னொரு இடத்தில் அமைத்திருந்தார்கள். வேலை நின்றதால் கம்ப்யூட்டர் ரீசெட் ஆனது. எழுந்ததும் முதல் காரியமாக அதே ஃபிளாஷைத் திறந்தது, மறுபடி மெமரி போதவில்லை, மறுபடி ரீசெட். இப்படி 60 முறைக்கு மேல். இரவிலும் தூங்காமல் பேட்டரியைத் தீர்த்துக்கொண்டிருந்தது.

காப்பாற்றியது எது தெரியுமா? "ஃபிளாஷைத் தொடாமல் எழுந்திரு" என்ற ஒரு கட்டளையை யாரோ முன்பே யோசித்து உள்ளே வைத்திருந்தார்கள். அதை அனுப்பி, கோப்புகளை அழித்து, பிப்ரவரியில் மறுபடி வேலைக்கு அனுப்பினார்கள். செவ்வாயின் 90 நாளுக்கென்று போன ஊர்தி, 2010 மார்ச் வரை பேசியது. மெமரி இல்லை என்றால் என்ன செய்வது என்பதற்கு ஓர் இடத்தில் விடை இல்லாததால் விழுந்தது. இன்னோர் இடத்தில் விடை இருந்ததால் பிழைத்தது.

அந்தப் பையனிடம் இன்னொரு வாதமும் இருக்கலாம். "ஓடவே ஓடாத கோடை எழுதினால் அதிலேயே தப்பு இருக்கும்." நியாயமான பயம். டிரைவர் தொடங்கும்போது மெமரி, இன்டரப்ட், வேறு பலது என்று வரிசையாக வாங்குகிறது. நாலாவது கிடைக்காவிட்டால், சாரத்தைப் பிரிப்பது மாதிரி, கடைசியாகக் கட்டியதை முதலில் அவிழ்த்துக்கொண்டு இறங்க வேண்டும். அதற்குக் கெர்னலில் கோட்டூ பயன்படுத்துகிறார்கள். கோட்டூ எழுதினால் மார்க்கைக் குறைப்பேன் என்று உங்களை மிரட்டியவன் நான். இந்த இடத்தில் அவர்கள் செய்வதே சரி. அவிழ்க்கும் வேலையைக் கெர்னலே செய்துகொள்ளும் டெவ்எம் வகை ஒதுக்கீடும் 2007 முதல் இருக்கிறது.

ஓடாத கோடை ஓட வைக்கவும் வழி இருக்கிறது. அதே 2007இல் லினக்ஸில் ஃபெயில்ஸ்லாப் என்ற வசதி வந்தது. இடம் இருக்கும்போதே வேண்டுமென்று அவ்வப்போது இல்லை என்று சொல்லும். விண்டோஸில் டிரைவர் வெரிஃபையர் அதே வேலையைச் செய்யும். எனவே அந்தப் பயம், எழுதாமல் விடுவதற்குக் காரணம் ஆகாது. எழுதிவிட்டுச் சோதிப்பதற்குத்தான் காரணம்.

என் கருத்து இவ்வளவுதான். யாரிடமாவது ஒன்றைக் கேட்கிறோம் என்றால், இல்லை என்ற பதிலுக்கும் நம்மிடம் ஏற்பாடு இருக்க வேண்டும். அந்த ஏற்பாட்டை ஒரு தடவையாவது நடத்திப் பார்த்திருக்க வேண்டும். கருவியை நம்பி இருப்பவருக்கு உங்கள் டிரைவரின் பெயர்கூடத் தெரியாது. அவருக்காகத்தான் அந்த இரண்டு வரி.

அந்தப் பையனைத் திட்ட வேண்டாம், அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஃபெயில்ஸ்லாப்பை ஓட விட்டுக் காட்டு என்று என் மாணவியிடம் சொல்லியிருக்கிறேன்.

என்னிடம் படித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய நோட்டு யாரிடமாவது இருந்தால், லிங்க்டு லிஸ்ட் பக்கத்தைத் திறந்து, மேலாக் வரிக்குக் கீழே நான் விட்ட இரண்டு வரியைப் பேனாவால் எழுதிவிடுங்கள். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து கமெண்டில் போட்டால் சந்தோஷப்படுவேன். தாமதமானாலும் திருத்தி மார்க் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்