ஒரு பூட்டு போதாது

ஆன்லைன் விளையாட்டு பற்றி நம் சங்கக் கூட்டங்களில் பேச்சு எழும்போதெல்லாம், "பெற்றோர்தான் பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும்" என்ற ஒரே வாக்கியத்தோடு அது முடிந்துவிடுகிறது. சொல்பவர் பெரும்பாலும் என் வயதுக்காரராக இருப்பார். கேட்டுத் தலைகுனிபவர், அலுவலகத்திலிருந்து நேரே கூட்டத்துக்கு வந்த ஒரு தாயாக இருப்பார். அந்த வாக்கியம் தவறு என்று நான் சொல்லவில்லை. அது மட்டும் போதாது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில், பேரப்பிள்ளைகள் என்னதான் ஆடுகிறார்கள் என்பதை நம் வயதினர் தெரிந்துகொள்வது நல்லது. முன்பு வீடியோ கேம் என்றால் பையனும் பெட்டியும் மட்டுமே. இன்று பி.ஜி.எம்.ஐ., ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், ரோப்ளாக்ஸ் போன்றவற்றில் பலர் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடுகிறார்கள். காதில் ஹெட்போன், மறுமுனையில் யாரென்று தெரியாத குரல். எழுதியும் அரட்டை அடிக்கலாம். ஆட்டத்துக்குள்ளேயே துப்பாக்கிக்கு வண்ணம், பொம்மைக்குச் சட்டை என்று காசு கொடுத்து வாங்கக் கடையும் உண்டு. மைதானம், திண்ணை, கடைத்தெரு மூன்றும் ஒரு செல்போனுக்குள் அடங்கிவிட்டன. மைதானத்தில் பிள்ளை யாரோடு நிற்கிறான் என்பது பால்கனியிலிருந்து பார்த்தாலே தெரியும். இங்கே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் தெரிவதில்லை.

2025 அக்டோபரில், மராட்டியக் காவல்துறை மும்பையில் நடத்திய சைபர் விழிப்புணர்வு விழாவில் நடிகர் அக்ஷய் குமார் தம் வீட்டில் நடந்ததைச் சொன்னார். அவருடைய மகள் ஆன்லைனில் ஆடிக்கொண்டிருந்தபோது முகம் தெரியாத ஒருவன் முதலில் நயமாகப் பேசியிருக்கிறான். ஆணா பெண்ணா என்று விசாரித்திருக்கிறான். பிறகு ஆடையில்லாத படம் அனுப்பச் சொல்லியிருக்கிறான். அந்தச் சிறுமி உடனே ஆட்டத்தை அணைத்துவிட்டுத் தாயிடம் போய்ச் சொன்னாள்.

நம் வீட்டுப் பிள்ளை அப்படி வந்து சொல்லுமா? சொன்னால் முதல் வேலையாகச் செல்போன் பறிபோகும் என்று தெரிந்த பிள்ளை சொல்லாது. இது அந்த அயோக்கியனுக்கும் தெரியும். "வீட்டில் சொன்னால் உனக்குத்தான் அடி" என்று மிரட்டியே அவன் காரியத்தைச் சாதிக்கிறான். அவன் கையில் அந்த ஆயுதத்தைக் கொடுப்பது நம் கோபம்தான்.

ஊர்விட்டு ஊர் வந்த நம் குடும்பங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. தகப்பனாருக்கு மாற்றல் வந்தால் பையன் எட்டாம் வகுப்பின் நடுவில் பள்ளி மாறுகிறான். நாக்பூர் வந்து மராத்தி புரியாமல் விழிக்கிறான். பழைய ஊர் நண்பர்கள் இரவு எட்டு மணிக்கு ஆட்டத்தில்தான் கிடைக்கிறார்கள். "போனைப் பிடுங்கு" என்று சொல்லும்போது அவனுடைய சிநேகிதர்களையும் சேர்த்தே பிடுங்குகிறோம். அதே பையன் தனிமையில் வாடுவதால், அந்நியன் ஒருவன் கனிவாகப் பேசினால் எளிதில் இளகியும் விடுகிறான். வீட்டில் காவலுக்கு இருக்கும் பாட்டிக்கோ தமிழ் மட்டுமே தெரியும். பேரன் ஹெட்போனில் பேசுவது இந்தியும் ஆங்கிலமும். பாட்டியைக் குறை சொல்லி என்ன பயன்?

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் 36 ஆண்டுகள் பணியாற்றியவன். அங்கே கண்ட ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஆளில்லா லெவல் கிராசிங்குகள் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் இருந்தன. அங்கே வண்டியை நிறுத்தி, இருபுறமும் ரயில் வரவில்லை என்று பார்த்துக் கடப்பது ஓட்டுநரின் கடமை என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-ஆவது பிரிவு சொல்கிறது. பலகை வைத்தோம், கிராமங்களில் போய்ப் பிரசாரம் செய்தோம். விபத்து நடந்தால் "சாலையில் வந்தவரின் கவனக்குறைவு" என்று எழுதினோம். சட்டப்படி எழுதியது சரி. ஆனால் சாவு நிற்கவில்லை. 2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசம் குஷிநகர் அருகே பள்ளி வேன் ஒன்று ரயிலில் மோதி 13 குழந்தைகள் இறந்தார்கள். வேனில் இருந்த குழந்தைகள் என்ன கவனக்குறைவு செய்தார்கள்? அதன் பிறகு வேலை துரிதமாயிற்று. சில இடங்களில் கேட் போட்டு ஆளை நிறுத்தினார்கள், சில இடங்களில் சுரங்கப்பாதை கட்டினார்கள், தேவையற்றவற்றை மூடினார்கள். 2019 ஜனவரி முடிவதற்குள் அகலப்பாதையில் ஆளில்லா கிராசிங்கே இல்லை என்றாகிவிட்டது.

"பெற்றோரே, கவனம்" என்பது அந்தப் பலகையைப் போன்றது. பலகை வேண்டியதுதான். ஆனால் பாதை போட்டவருக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகே உயிர்கள் தப்பின.

விளையாட்டில் பாதை போட்டவை நிறுவனங்கள். அவற்றிடம் நாம் கேட்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, ஆரம்ப நிலையே பத்திரமான நிலையாக இருக்க வேண்டும். பழைய கைகாட்டி சிக்னலில் கம்பி அறுந்துபோனால் கை தானாகவே "நில்" என்ற நிலைக்கு வந்துவிடும். பழுதானாலும் ஆபத்து வராதபடி அமைத்திருந்தார்கள். விளையாட்டுகளிலோ இது தலைகீழாக இருந்தது. ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் 2022 டிசம்பரில் 52 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள ஒப்புக்கொண்டது. சிறுவர்களுக்கும் குரல் பேச்சும் எழுத்து அரட்டையும் முதலிலிருந்தே திறந்து கிடந்தன என்பது அந்த நிறுவனத்தின் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. தெரியாமல் பொத்தானை அழுத்தினாலே காசு போகும்படி அமைத்திருந்தது இன்னொன்று. அரட்டையும் கடையும் முதலில் மூடியிருக்கட்டும். வேண்டுமென்றால் பெற்றோர் திறக்கட்டும்.

இரண்டாவது, வயது. 2023-இல் பி.ஜி.எம்.ஐ. திரும்ப வந்தபோது 18 வயதுக்கு உட்பட்டோருக்கு நாளைக்கு 3 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். நல்லதுதான். ஆனால் வயதைப் பையனே சொல்லிக்கொள்ளலாம் என்றால், எந்தப் பையன் 12 என்று சொல்வான்? அமெரிக்காவில் வழக்குகள் குவிந்த பிறகு, அரட்டையில் சேர வேண்டுமானால் வயதைச் சரிபார்ப்போம் என்று ரோப்ளாக்ஸ் நிறுவனம் 2025 நவம்பரில் அறிவித்தது. வழக்கு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லையே!

அடுத்து அரசாங்கம். 2020 செப்டம்பரில் பப்ஜி உட்பட 118 செயலிகளைத் தடை செய்தார்கள். அது நாட்டின் பாதுகாப்பைக் கருதிச் செய்தது. பிள்ளைகளைக் கருதி அல்ல. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடுக்க வந்தது. சூதாட்டத்தில் அழிந்த குடும்பங்களைப் பார்த்தவர்கள் அதை வரவேற்பார்கள். ஆனால் காசு கட்டாத ஆட்டத்தில் நம் சிறுவனோடு பேசும் அந்நியனைப் பற்றிய கவலை அதனால் தீராது. 18 வயதுக்கு உட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன; நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசமும் தந்தார்கள்.

சட்டம் எழுதுவதோடு சோதிப்பவரும் வேண்டும். ரயில் விபத்துகளை விசாரிக்கும் பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். ரயிலை ஓட்டுபவரே ரயிலுக்கு நற்சான்றிதழ் தரக்கூடாது என்பதுதான் காரணம். விளையாட்டு நிறுவனங்களையும் வெளியார் ஒருவர் சோதித்து, முடிவைப் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். பெற்றோருக்குப் பங்கில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். செல்போன் கூடத்தில் இருக்கட்டும். இரவில் பிள்ளையின் படுக்கைக்குப் போக வேண்டாம். வாங்குவதற்கு உங்கள் அனுமதி தேவை என்று போனில் அமைத்துவிடலாம். கூகுளின் ஃபேமிலி லிங்க் அதற்காகவே இருக்கிறது. யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் பக்கத்தில் அமர்ந்து, "எனக்கும் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். யாரோடு ஆடுகிறான் என்பது அப்போது தானாகவே தெரியவரும்.

எல்லாவற்றுக்கும் மேலானது, வந்து சொல்லும் பிள்ளையைத் தண்டிக்காதிருப்பது. ரயில்வேயில் விடியற்காலையில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து போகும் கீமேன், விரிசலைக் கண்டு ரயிலை நிறுத்தினால் அவருக்குப் பரிசு உண்டு. ரயில் தாமதமானதே என்று யாரும் அவரைத் திட்டுவதில்லை. உங்கள் பிள்ளையும் அப்படி ஒரு விரிசலைக் கண்டு சொல்கிறது. "சொன்னது நல்லதாயிற்று, இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். அந்த உரையாடலை அழித்துவிடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சைபர் குற்றங்களுக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098. சிறுவரிடம் இத்தகைய படம் கேட்பது போக்சோ சட்டத்தின்படியும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படியும் குற்றம். வெட்கப்பட வேண்டியவன் கேட்டவனே.

கடைசியாக நம் சங்கம். நம் பகுதியில் ஒரு குடும்பம் இப்படிப்பட்ட புகாரோடு காவல் நிலையம் போய், இந்தியில் கோர்வையாகச் சொல்ல வராமல் பாதியிலேயே திரும்பிவிட்டது. மொழி தெரிந்த இருவர் கூடப் போயிருந்தால் அந்தப் புகார் பதிவாகியிருக்கும். இதற்கு நிதி வேண்டாம், மண்டபம் வேண்டாம். அழைத்தால் வரும் ஆட்கள் போதும். புதிதாக மாற்றலாகி வரும் குடும்பத்தின் பிள்ளையை முதல் வாரமே நம் பிள்ளைகளின் கிரிக்கெட்டுக்கு அழைத்துக்கொள்வதும் நம் வேலைதான். பொங்கல் விழாவில் அரை மணி நேரம் ஒதுக்கினால், கல்லூரி செல்லும் நம் பிள்ளைகளே மேடையேறி, எந்தப் பொத்தானை எப்படி மூடுவது என்று தாத்தா பாட்டிகளுக்குத் தமிழில் காட்டிக்கொடுப்பார்கள்.

லெவல் கிராசிங்கில் கேட்டை மூடிப் பூட்டினால்தான் சிக்னல் இறங்கும். ஒருவர் தவறினாலும் மற்றொரு பூட்டு காக்கும். நிறுவனம், அரசு, வீடு, சங்கம் என்று பிள்ளைகளைச் சுற்றி இப்படிப் பல பூட்டுகள் வேண்டும். முதல் இரண்டும் நம் கையில் இல்லை. கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மற்ற இரண்டும் நம் கையில்தான் இருக்கின்றன. வரும் செயற்குழுக் கூட்டத்தில் நிர்வாகிகள் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். காவல் நிலையத்துக்கு உடன் செல்வோர் பட்டியலில் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளலாம்.