எத்தனை தீவுன்னு கேக்காதீங்க

புக்கெட் போய்ட்டு வந்த நம்ம மக்கள்கிட்ட "படகுல போனீங்களா?"ன்னு கேட்டுப் பாருங்க. "போனோமே, ஒரே நாள்ல அஞ்சு தீவு!"ன்னு பெருமையா பதில் வரும். எந்தத் தீவு, அங்க என்ன இருந்துச்சுன்னு அடுத்த கேள்வி கேட்டா மொபைலை எடுத்துப் படம் தேட ஆரம்பிப்பாங்க. மும்பைல எங்க குடியிருப்புலயே நாலு தமிழ்க் குடும்பம் போய்ட்டு வந்தாச்சு. அதுல மூணு வீட்டுக்காரங்க சொன்னது ஒண்ணேதான்: வேகப்படகுல இடுப்பு ஆடிப்போச்சு, எங்க பார்த்தாலும் வரிசை, வெயில்.

கடல் மேல தப்பு இல்லைங்க. வாங்கின டிக்கெட் மேலதான் தப்பு.

வங்கியில வீட்டுக் கடன் வாங்க வர்றவங்க எல்லாரும் வட்டி எவ்வளவுன்னு மட்டும்தான் கேப்பாங்க. அந்த வட்டி எப்ப மாறும், எதை வச்சு மாறும்னு கேக்கறவங்க நூத்துக்கு நாலு பேர் இருந்தா அதிகம். படகு டூர் விஷயமும் இதேதான். "எத்தனை தீவு, தலைக்கு எவ்வளவு?" இந்த ரெண்டு கேள்வியோட பேரம் முடிஞ்சுடும். எத்தனை மணிக்கு எந்தக் குகைக்குள்ள கூட்டிட்டுப் போவீங்கன்னு யாரும் கேக்கறதே இல்லை. அங்க பணத்துக்கு மதிப்பே அந்தக் கேள்வியிலதான் இருக்கு.

இடத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன். புக்கெட் தீவுக்கும் தாய்லாந்தோட பெருநிலத்துக்கும் நடுவுல இருக்கறது பாங் ங்கா விரிகுடா. சுமார் 400 சதுர கிலோமீட்டர் பரப்பை 1981ல தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. உள்ள நாப்பதுக்கும் மேல சுண்ணாம்புக்கல் தீவுங்க, கடலுக்கு நடுவுல செங்குத்தா நிக்குது. ஒரு காலத்துல கடலடியில சிப்பியும் பவளமும் படிஞ்சு இறுகின பாறை. மழைத்தண்ணியில இருக்கற லேசான அமிலத்துக்கே சுண்ணாம்புக்கல் கரையும். மேல இருந்து மழை கரைக்க, கீழ இருந்து அலை அரிக்க, பல தீவுங்க அடி சிறுத்து மேல பெருத்து நிக்குது. சிலதுக்கு வயித்துக்குள்ள பெரிய குகை உண்டாகி, அதோட கூரையும் ஒரு நாள் இடிஞ்சு விழுந்துருக்கு. வெளியில இருந்து பார்த்தா முழுப் பாறை. உள்ள வானம் தெரியற ஒரு முற்றம், அதுல கடல்தண்ணி, அலையாத்தி மரங்க. இதைத்தான் தாய் மொழியில "ஹாங்"கிறாங்க. அறைன்னு அர்த்தம்.

(இதே பாங் ங்கா மாகாணத்தோட மேற்குக் கரையில, தகுவா பா பக்கத்துல ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைச்சிருக்கு. அவனிநாரணம்னு ஒரு குளம் வெட்டினதும், அது மணிக்கிராமத்தார் காவல்ல இருந்ததும் அதுல வருது. நம்ம வியாபாரிங்க டூர் பேக்கேஜ் இல்லாமலே போயிருக்காங்க.)

இந்த அறைக்குப் போற வாசல் ஒரு குகை. அது ஓதத்துக்குத் தகுந்த மாதிரி திறந்து மூடும். கடல் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறி ரெண்டு தடவை வத்துதில்லையா, அதான் ஓதம். தண்ணி ரொம்ப ஏறினா குகையோட கூரை தண்ணியில முட்டிடும், போக முடியாது. ரொம்ப வத்தினா அடியில பாறையும் சிப்பியும் துருத்திக்கும், கயாக் நகராது. ரெண்டுக்கும் நடுவுல கொஞ்ச நேரம்தான் வழி. அந்த நேரமும் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும். அதனால தினமும் காலையில ஒன்பது மணிக்கு அதே குகைன்னு யாராவது அச்சடிச்சுக் கொடுத்தா நம்பாதீங்க. வாசல் மூடியிருக்கற நாள்ல வெளிச்சுவரைச் சுத்திக் காட்டிட்டு, "கயாக்கிங் முடிஞ்சது"ன்னு கணக்குல எழுதிடுவாங்க.

நாங்க எடுத்தது பெரிய படகு. மெதுவாத்தான் போகும். மேல கயாக்குங்களை அடுக்கி வச்சிருந்தாங்க. எழுபது தாண்டின அம்மா, தங்கமணி, பத்தாவது படிக்கற பொண்ணு, நான். அம்மாவுக்கு முட்டி வலி. "எனக்கு எதுக்குடா இதெல்லாம், நான் ரூம்லயே இருந்துக்கறேன்"னாங்க. வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறவங்க இதைக் கவனமாப் படிங்க. இந்த மாதிரி டூர்ல பெரும்பாலும் நாம துடுப்பே போட வேண்டாம். காத்து அடிச்ச ரப்பர் கயாக்ல நாம ரெண்டு பேர் உக்காந்துக்கணும், பின்னாடி வழிகாட்டி உக்காந்து துடுப்பு போடுவார். அது என்ன கயாக்கிங்னு வீரம் பேசறவங்க பேசட்டும். எனக்கு அதுல வெக்கம் ஒண்ணும் இல்லை. இருட்டுக் குகையில, பக்கத்துல கத்தி மாதிரி சிப்பி ஒட்டியிருக்கற பாறையில, தினமும் அதே வேலையா இருக்கறவர் ஓட்டறதுதான் நியாயம். படகுல இருந்து கயாக்குக்கு இறங்கறதுதான் முட்டி வலிக்காரங்களுக்குச் சிரமமான இடம். ரெண்டு பேர் கையைப் பிடிச்சுக்கிட்டா முடியும். எங்க அம்மா வாழ்க்கையில முதல் தடவையா பொண்ணோட சுடிதாரைப் போட்டுக்கிட்டு இறங்கினாங்க. அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க.

முதல் குகை பானாக் தீவுல. உள்ள கும்மிருட்டு. வழிகாட்டி தலையில கட்டின விளக்கு மட்டும்தான். வௌவால் நாத்தம் மூக்கைத் துளைக்குது. போகப்போகக் கூரை இறங்கிக்கிட்டே வந்து, "படுங்க, படுங்க"ன்னார். மல்லாக்கப் படுத்தோம். மூக்குக்கு ஒரு சாண் மேல பாறை. ஒரு இடத்துல அதுவும் பத்தாம, கயாக்ல இருந்து கொஞ்சம் காத்தைப் பிடுங்கிவிட்டு அதைத் தாழ்த்தி உள்ள தள்ளினார். அப்புறம் திடீர்னு வெளிச்சம். சுத்தி நாலு பக்கமும் நெட்டுக்குத்தான பாறை, செடிகொடி, மேல வட்டமா வானம். எஞ்சின் சத்தம் இல்லை. அம்மா ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துட்டு, "நம்ம ஊர்க் கிணத்துக்குள்ள உக்காந்து பார்க்கறாப்ல இருக்கு"ன்னாங்க. சேத்துல துள்ளற மீனைக் காட்டினதும் பொண்ணு போனைக் கீழ வச்சுட்டா. இது நடக்கும்னு நான் எதிர்பார்க்கவே இல்லை.

அங்க இருந்தது மொத்தம் இருபது நிமிஷம் இருக்கும். வழிகாட்டி எங்களைவிட அதிகமாப் பாறையில இருக்கற ஈரக்கோட்டைத்தான் பார்த்துக்கிட்டிருந்தார். தண்ணி ஏறற நேரத்துல உள்ளயே தங்கிட்டா, மறுபடி வத்தற வரைக்கும் மணிக்கணக்கா உள்ளயேதான் இருக்கணும்.

அடுத்த குகை கிட்ட போனப்ப தண்ணி ஏறிடுச்சு, இன்னைக்கு முடியாதுன்னுட்டார். வந்துது பாருங்க சண்டை! நம்ம நாட்டுக்காரங்கதான், எந்த ஊர்னு சொல்ல மாட்டேன். "மூணு குகைக்குக் காசு கொடுத்திருக்கோம், ஒண்ணுக்குக் காசைத் திருப்பிக் கொடு"ன்னு ஒருத்தர் நின்னுட்டார். வழிகாட்டி சிரிச்ச முகமாவே இருந்தார், ஆனா ஒரு அங்குலம் நகரலை. நான் வழிகாட்டி பக்கம்தான். மாட்டேன்னு சொல்லத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் நாம காசு கொடுக்கறோம். அவரை மிரட்டி "சரி, ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடலாம்"னு சொல்ல வச்சா, அதுக்கு அப்புறம் நடக்கறதுக்கு எந்த ரீஃபண்டும் ஈடாகாது.

மிகைப்படுத்திச் சொல்லலைங்க. 2018 ஜூலை 5ஆம் தேதி புக்கெட் பக்கத்துல ஃபீனிக்ஸ்ங்கற சுற்றுலாப் படகு புயல்ல கவிழ்ந்து 47 பேர் இறந்தாங்க, அத்தனை பேரும் சீனாவுல இருந்து வந்தவங்க. மோசமான வானிலைன்னு எச்சரிக்கை இருந்தும் கிளம்பின படகு அது. 2025 ஜூலை 19ஆம் தேதி வியட்நாம் ஹாலோங் விரிகுடாவுல, அதுவும் இதே மாதிரி சுண்ணாம்புத் தீவுக் கடல்தான், திடீர்ப் புயல்ல படகு கவிழ்ந்து 35 பேருக்கு மேல போயிட்டாங்க. குழந்தைங்களோட வந்த குடும்பங்க. லைஃப் ஜாக்கெட் வேர்க்குது, போட்டோவுல நல்லா இல்லைன்னு கழட்டி வைக்கறவங்களைப் பார்த்தா எனக்குக் கோபமே வருது. மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும் அங்க தென்மேற்குப் பருவமழை. பாங் ங்கா விரிகுடாவுக்கு புக்கெட் தீவு ஒரு மறைப்பா இருக்கறதால வெளிக்கடல் அளவு ஆட்டம் இருக்காதுதான், ஆனாலும் நம்ம ஸ்கூல் லீவு அந்தச் சமயத்துலதான் வருதுங்கறதுக்காகக் கடல் அடங்கிடாது. டிசம்பர் லீவு நல்லது.

ஜேம்ஸ் பாண்ட் தீவைப் பத்தியும் சொல்லணும். 1974ல வந்த பாண்ட் படத்துல காட்டினதால வந்த பேர். கடல்ல நட்டுவச்ச மாதிரி நிக்கற அந்த 20 மீட்டர் பாறைக்கு அவங்க பேர் கோ தபு. ஆணித் தீவுன்னு அர்த்தம். வருஷம் பூரா ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு, லீவு போட்டு வந்து இன்னொரு ஆணியைப் பார்க்கறதுக்கா முட்டி மோதறது? பாறை அரிச்சுக்கிட்டே போறதால 1998ல இருந்து படகுங்க அது கிட்ட போகக் கூடாது. எதிர்க்கரையில நின்னு பார்க்கலாம், படம் எடுக்கலாம், பின்னாடி கடைங்கள்ல முத்துமாலை பேரம் பேசலாம். பத்து நிமிஷத்துக்கு மேல தேவையில்லை. ஆனா பல டூர்ல அதுக்குத்தான் முக்கால் மணி நேரம் ஒதுக்கி, குகையைச் சுருக்கிடறாங்க.

பக்கத்துல பான்யீ கிராமத்துக்கு அந்த நேரத்தைக் கொடுத்திருக்கலாம். சுண்ணாம்புப் பாறையை ஒட்டி, தண்ணி மேல தூண் நட்டுக் கட்டின முஸ்லிம் மீனவக் கிராமம். மைதானம் போட நிலம் ஏது? 1986 உலகக் கோப்பையைப் பார்த்த பையன்கள் பழைய பலகையைச் சேர்த்து மிதக்கற கால்பந்து மைதானம் கட்டினாங்க. டூர்க்காரங்க இங்க மதியச் சாப்பாட்டைப் போட்டு, கை கழுவறதுக்குள்ள விசில் ஊதிடறாங்க.

கூட்டம் சேர்ந்தா என்ன ஆகும்னு அந்த நாட்டுக்காரங்களுக்கே தெரியும். பீ பீ தீவுகள்ல மாயா விரிகுடா, 2000ல வந்த ஒரு ஹாலிவுட் படத்தால பிரபலம் ஆகி, நாளுக்கு ஐயாயிரம் பேர் வரைக்கும் குவிஞ்சு, பவளம் செத்து, 2018 ஜூன்ல மூடினாங்க. 2022 ஜனவரியில திறந்தப்ப படகுங்க முன்பக்கம் வரக் கூடாதுன்னு பின்பக்கமாத் திருப்பிவிட்டாங்க. அந்தத் தைரியம் எனக்குப் பிடிச்சிருக்கு.

செலவைப் பத்தி: நாங்க எடுத்த டூர், அஞ்சு தீவு வேகப்படகைவிடக் கூடுதல்தான். வங்கிக்காரங்களுக்குத் தெரியும், எல்.எஃப்.சி.யில வெளிநாட்டைச் சேர்த்தா வரிவிலக்கு இல்லைன்னு 2022ல உச்ச நீதிமன்றமே சொல்லியாச்சு. சொந்தக் காசுதான். எட்டு மணி நேர டூர்ல போக வர மூணு மணி, சாப்பாடு ஒரு மணின்னு கழிச்சுட்டு, மிச்சத்தை அஞ்சு தீவுக்கு வகுத்துப் பாருங்க. தீவுக்கு நாப்பத்தெட்டு நிமிஷம். அதுல ஏற, இறங்க, ஆள் எண்ண எவ்வளவு போகும்னு நான் சொல்லவே வேண்டாம். தேசியப் பூங்காக் கட்டணம் வெளிநாட்டுக்காரங்களுக்குத் தனி, அது டிக்கெட்டுல சேர்த்தியான்னும் கேட்டுக்குங்க.

சைவக்காரங்க "வெஜிடேரியன்"னு சொல்லிட்டு நிம்மதியா உக்காராதீங்க, மீன் சாஸ் கண்ணுக்குத் தெரியாம வரும். "ஜே"ன்னு சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க. மீன் சாஸ், முட்டை எதுவும் இருக்காது, பூண்டு வெங்காயம் கூடக் கிடையாது. அம்மா ஏகாதசி விரதமே இருந்துடலாம் போலன்னாங்க.

நேரம் கேட்கத் தயங்கறவங்களுக்கு ஒரு சுலப வழி, வீட்டுல தொங்கற தினசரி காலண்டர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டின நாள்ல கடல் ரொம்ப ஏறும், ரொம்ப வத்தும். ஓட்டமும் வேகமா இருக்கும். அஷ்டமி, நவமி பக்கம் ஏத்த இறக்கம் குறைவு, ஓட்டம் மெதுவு, பெரியவங்களுக்கு அது இதமா இருக்கும். அன்னைக்குப் பயணம் வேண்டாம்னு சொல்ற அம்மாவைச் சமாளிக்கறது உங்க பாடு. எங்க வீட்டுல "கிளம்பறதுதானே கூடாது, நாமதான் ஏற்கனவே கிளம்பி வந்தாச்சே"ன்னு தங்கமணி சொன்னது எடுபட்டது.