உள்ளரங்கக் கால்பந்து: தடுப்பதா, வழிகாட்டுவதா?



என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இன்று அமெரிக்காவில் குடும்பத்துடன் வாழ்கிறார். அண்மையில் அலைபேசியில் அழைத்தார். “ஹஜ்ரத், பதினாறு வயது மகன் உள்ளரங்க அமெரிக்கக் கால்பந்து ஆட வேண்டும் என்கிறான். மோதி வீழ்த்தும் ஆட்டம். கூடாது என்று சொல்லிவிடட்டுமா?” என்றார். ஆட்டத்தைப் பற்றி அறிந்துகொள்ளாமல் விடை கூறுவது முறையன்று எனக் கருதி, அவகாசம் கேட்டேன்.

பெயர் கால்பந்து என்றாலும், இருமுனையும் கூம்பிய பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே இவ்வாட்டத்தில் பெரும்பகுதி. நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். 1981இல் நியூயார்க்கில் உள்ளரங்கச் சாக்கர் போட்டி ஒன்றைக் கண்ட ஜிம் ஃபாஸ்டர், கையிலிருந்த காகித உறையின் மீதே இதன் களத்தை வரைந்தார். 1987இல் அரீனா கால்பந்து லீக் தொடங்கியது. திறந்தவெளியில் 100 கஜக் களம், அணிக்கு 11 பேர். அரங்கிலோ 50 கஜம், 8 பேர். களத்தின் ஓரத்தில் மெத்தை பொருத்திய சுவர் நிற்கும். இடம் சுருங்கியதால் வேகமும் மோதலும் நெருக்கமாயின.

இளைஞர்களை ஈர்ப்பது கர்ட் வார்னரின் வரலாறு. பலசரக்குக் கடையில் பொருள்களை அடுக்கியவர், அயோவாவின் அரங்க அணியில் ஆடி உயர்ந்து, 2000 ஜனவரியில் சூப்பர் பவுலின் சிறந்த ஆட்டக்காரரானார். ஆயினும், நம் பிள்ளைகளுக்கு நான் கூற விரும்புவது ஹுசைன் அப்துல்லாஹ்வின் வரலாறு. ஹஜ் கடமைக்காக 2012 பருவ ஆட்டத்தையே துறந்தவர் அவர். 2014இல் பந்தைப் பறித்து எல்லை கடந்ததும் ஸஜ்தா செய்தார். நடுவர் தண்டம் விதித்தார். அது தவறு என மறுநாளே லீக் ஒப்புக்கொண்டது. ஐந்து முறை மூளை அதிர்ச்சிக்கு உள்ளான பின், தெளிந்த அறிவைக் காத்துக்கொள்ள வேண்டி 2016இல் 30 வயதில் விலகினார். ஸஜ்தாவை நாம் கொண்டாடுகிறோம். விலகியதையும் அதற்கு இணையான பாடமாகவே நான் காண்கிறேன். உடல் அல்லாஹ் தந்த அமானிதம் என்பதை அவர் செயலில் காட்டினார்.

எனவே என் கருத்து இதுதான்: ஆர்வத்தைத் தடுக்காதீர்கள், தொடக்கத்தைச் சீராக்குங்கள். முதலில் ஃபிளாக் கால்பந்து ஆடட்டும். அதில் ஆளை வீழ்த்துவதில்லை. இடுப்பில் தொங்கும் பட்டையைப் பறித்தாலே ஆட்டம் நிற்கும். அணிக்கு ஐவர் ஆடும் இவ்வகை, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இடம்பெறுகிறது. எறிதல், பிடித்தல், சட்டெனத் திரும்புதல் ஆகிய அனைத்தையும் அங்கேயே பழகலாம். மோதும் ஆட்டத்திற்குச் செல்வதாயின், தலையை விலக்கித் தோளால் தடுக்கும் முறையைப் பயிற்சியாளரிடம் கற்ற பின்னரே செல்லட்டும். தலைக்கவசம் மண்டையோட்டு முறிவைத் தடுக்கும். உள்ளே மூளை குலுங்குவதை முற்றிலும் தடுக்காது. தலைசுற்றலோ குழப்பமோ தோன்றினால் அன்றே களத்தை விட்டு வெளியேற வேண்டும். மருத்துவர் அனுமதித்த பின்னரே திரும்ப வேண்டும். இதை மறைக்கும் பிள்ளையும், மறைக்கச் சொல்லும் பயிற்சியாளரும் அமானிதத்திற்கு மோசடி செய்பவர்களே.

சேரும் நாளிலேயே தொழுகை நேரத்தைப் பயிற்சியாளரிடம் கூறிவிடுங்கள். தொழில்முறை உள்ளரங்கப் போட்டிகள் வசந்தத்தில் தொடங்குகின்றன. இவ்வாண்டுகளில் ரமளானும் அதையொட்டியே வருகிறது. நோன்பாளிக்குரிய பயிற்சி நேரத்தை முன்கூட்டியே பேசிக்கொள்வது நலம்.

விளையாட்டே வீண் என்பார் சிலர். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதை ஹதீஸ் நூல்கள் பதிவுசெய்துள்ளன. கடமையை மறக்கடிப்பதும் உடலைச் சிதைப்பதுமே வீண்.

இவற்றையே அம்மாணவரிடம் கூறினேன். “மகனையும் அருகில் அமர்த்திக்கொண்டு பேசுகிறேன், ஹஜ்ரத்” என்றார். தடை விதிப்பதைவிட அந்த அமர்வே கடினமானது. பயனும் அதிலேயே உள்ளது. வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் உடலையும் அறிவையும் ஈமானையும் காத்தருள்வானாக. ஆமீன்.